அத்தையின் ஐந்தாண்டுத் திட்டம்

மெட்ராஸில் ரோஜா வளர்த்த எல்லோரிடமும் ஒரே கதைதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ போய்விட்டுத் திரும்பும்போது ரோட்டோர நர்சரியில் வண்டியை நிறுத்துவோம். கறுப்புப் பையில், செம்மண் உருண்டைக்குள் வேரை வைத்துக்கொண்டு, நாலு பூவும் ஆறு மொட்டுமாக ஒரு செடி நிற்கும். 'அவன் சொல்றதுல பாதிக்குக் கேளுங்க' என்று பின்சீட்டிலிருந்து உத்தரவு வரும். கேட்போம். முக்கால் விலைக்குப் படியும். ஒரு வாரம் பால்கனி மணக்கும். மூன்றாவது வாரம் இலை மஞ்சளாகும். அடுத்த மாதம் தொட்டியில் ஒரு முள்குச்சி மட்டும் மிச்சம். அதையும் பிடுங்கிப் போட மனசு வராமல் ஆறு மாதம் தண்ணீர் ஊற்றுவோம்.

நர்சரிக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஓசூர் குளிரிலோ, ராஜமுந்திரி பக்கம் கடியம் நர்சரிகளிலோ செல்லமாக வளர்ந்து, லாரி ஏறி வந்த பிள்ளை அது. ரோஜாவுக்குக் குறைந்தபட்சம் ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நம் பால்கனிக்கு வருவது எதிர் பிளாட்காரர் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கும் ஒன்றரை மணி நேர வெயில். தவிர, பெரும்பாலும் அவை ஒட்டுச்செடிகள். ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்புகிற காட்டுத் தளிரை 'ஆஹா, புதுசா துளிர்க்குது' என்று நாம் ஊட்டி ஊட்டி வளர்ப்போம். மேலே இருக்கிற ரோஜா பட்டினியில் சாகும்.

இந்தக் கடைசி விஷயத்தை எனக்குச் சொன்னவர் என் அத்தை. எட்டாம் கிளாஸ் படித்தவர். எழுபத்தைந்து வயது. அவரிடம் இருப்பது ஆயிரம் ரோஜாச் செடி.

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் அத்தைக்கு மூன்று ஏக்கர் தோட்டம். அந்தப் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். செம்மண், தென்னை, பலா, வேலியெல்லாம் பூ. கீரமங்கலம் பூ மார்க்கெட் விடிகாலையில் கூடுகிற அழகுக்காகவே ஒரு நாள் சீக்கிரம் எழுந்திருக்கலாம். ஆனால், அத்தை தோட்டத்தில் அப்போதெல்லாம் பூ கிடையாது. மாமா வைத்தது அத்தனையும் தென்னை. ஏக்கருக்கு எழுபது வீதம் இருநூற்றுப் பத்து மரம். மாமாவிடம் கேட்டால், 'பூங்கிறது தினக்கூலி. தென்னைங்கிறது கவர்மென்ட் உத்தியோகம்' என்பார். 2011-ல் அவர் இறந்தபோதும் தென்னை அத்தைக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

2018 நவம்பர் 16 விடிகாலை அந்த உத்தியோகம் போனது.

கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது என்று நாம் டி.வி-யில் பார்த்தோம். கரையேறின புயல் சாதாரணமாக மூச்சுவாங்கிப் படுத்துவிடும். இது புதுக்கோட்டை, திண்டுக்கல் என்று தமிழ்நாட்டைக் குறுக்கே நடந்து அரபிக்கடலில் போய் இறங்கியது. அத்தை ஓட்டு வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து, மரம் விழுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

''முப்பது வரைக்கும் எண்ணுனேம்ப்பா. அதுக்கு மேல எண்ணிக்கை தப்பிப்போச்சு. எல்லாம் ஒண்ணா விழுந்தா எப்புடி எண்றது?''

விழுந்தவை நூற்று நாற்பத்தெட்டு. நின்றவை அறுபத்திரண்டு.

நாலு நாள் கழித்து, நிவாரணப் பொருள் ஏற்றிய ஒரு வேனில் தொற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேன். கரன்ட் இல்லை, போன் இல்லை. வழி நெடுக விழுந்து கிடந்த தென்னைகளின் தூரில் ஒரு பாய் அளவுக்குச் சல்லி வேர், அவ்வளவுதான். ஆணிவேர் கிடையாது. நனைந்த மண்ணும் மேலே அவ்வளவு பெரிய கொண்டையும் இருந்தால், காற்று நெம்புகோல் போட்டமாதிரி தூக்கிவிடுகிறது. வரப்பில் நின்ற ஒன்பது பனை மரம் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றுகொண்டிருந்தது. 'தென்னைய வச்சவன் தின்னுட்டுப் போவான், பனைய வச்சவன் பார்த்துட்டுப் போவான்' என்று பனையை மட்டமாகப் பேசுவோமே... அன்றைக்கு அந்த ஒன்பதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் பி.காம். படித்தவன். எங்கே துக்கம் நடந்தாலும் எனக்கு மனசுக்குள் ஒரு கால்குலேட்டர் ஓடும். கெட்ட பழக்கம். விழுந்த தென்னைக்கு அரசு நிவாரணம் மரத்துக்கு ஆயிரத்து நூறு ரூபாய். 600 மரத்துக்கு, 500 அதை வெட்டி அகற்ற. அத்தை கணக்குக்கு 1,62,800 ரூபாய். மரத்துக்கு வருஷம் எண்பது காய், காய்க்குப் பத்து ரூபாய் என்று வைத்தால், அந்த நூற்று நாற்பத்தெட்டும் தந்துகொண்டிருந்தது வருஷம் 1,18,400. ஆக, இன்னும் இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்த ஊழியருக்குப் பதினாறு மாதச் சம்பளம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, பிணத்தைத் தூக்குகிற செலவு!

காலேஜில் எங்களுக்கு டிப்ரிசியேஷன் என்று ஒரு பாடம். எந்தச் சொத்தானாலும் வருஷத்துக்கு வருஷம் மதிப்புக் குறையும், எழுதிக் கழிக்க வேண்டும். மெஷின், கட்டடம், மேஜை நாற்காலி எல்லாம் சரி. மரம்? சர்வதேசக் கணக்கியல் விதிகளில் இதற்குப் பெரிய பஞ்சாயத்தே நடந்து, 2016 முதல் காய்க்கிற மரம் மெஷின் ஜாதி என்று தீர்ப்பாகிவிட்டது. தேய்மானம் போடலாம். அதன் கிளையில் தொங்குகிற காய் மட்டும் தனி ஜாதி, அதற்குச் சந்தை மதிப்பு. அத்தையிடம் இதைச் சொன்னேன். ''மெஷினு தானா வளருமாப்பா?'' என்றார். பேச்சை மாற்றினேன்.

அத்தைக்கு இரண்டு பையன்கள். இரண்டு பேரும் சிங்கப்பூர். 2019 பொங்கலுக்கு இருவரும் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு புரோக்கரின் நம்பர்.

அவர்களை வில்லன்களாக நினைத்துவிடாதீர்கள். பெரியவன் எனக்கு அத்தான் முறை. கப்பல் பட்டறையில் கை காய்த்து, தம்பியைப் படிக்கவைத்த ஆள். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. புதுத் தென்னை நெட்டை ரகம் என்றால் காய்க்க ஆறு ஏழு வருஷம். அதுவரைக்கும் ஆள் கூலி, போர்வெல் மோட்டார், வேலி எல்லாவற்றுக்கும் இவன் அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு அறுபத்தெட்டு. இன்னொரு புயல் வந்தால்? விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்கிறான். இதைவிட ஒழுங்கான மகன் எங்கே கிடைப்பான்?

அத்தை சிங்கப்பூரில் ஒரு மாதம் இருந்து பார்த்தவர்தான். பொட்டானிக் கார்டனைப் பற்றி இன்னும் பேசுவார். ''மரத்துக்கு மரம் பேரு எழுதி மாட்டிருக்கான். சுத்தமா இருக்கு. ஆனா, ஒரு மட்டையக்கூட நம்ம எடுத்துப் போட வேண்டியதில்ல. கைய வச்சுக்கிட்டு என்ன பண்றது?''

அந்தப் பொங்கல் ராத்திரி திண்ணையில் நடந்த பேச்சுவார்த்தையில் நானும் இருந்தேன். வாசலில் அறுத்துப்போட்ட தென்னைத் துண்டுகள் கிடந்தன. மாவட்டம் முழுக்க மரம் விழுந்தால் விறகுக்குக்கூட விலை இருக்காது. செங்கல் சூளைக்காரர்கள் சொன்னதுதான் ரேட். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

''அஞ்சு வருஷம் குடுங்க. அதுக்குள்ள இந்தத் தோட்டம் தன் செலவத் தானே பார்த்துக்கலைன்னா, நானே வந்து கையெழுத்துப் போடுறேன். நீங்க ஒரு ரூவா அனுப்ப வேணாம்.''

''அஞ்சு வருஷத்துல தென்னை பாளைகூட விடாதும்மா.''

''தென்னைன்னு யாரு சொன்னா?''

அத்தை மனசில் எப்போதோ ஒரு வரைபடம் இருந்திருக்கிறது. கீரமங்கலத்தை ஒட்டித்தான் சேந்தன்குடி. 'மரம்' தங்கசாமி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விவசாய நிலத்தைக் காடாக மாற்றி, கல்யாணம் காதுகுத்து என்று எங்கே போனாலும் மரக்கன்றோடு போன மனிதர். கஜா வந்த அதே 2018-ல், புயலுக்கு முன்னாலேயே காலமானார். அவருடைய தோப்புக்குள் நடந்து பார்த்த பலரில் அத்தையும் ஒருவர். ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நட்டால், ஒரே காற்றில் வரிசையாக விழும் என்பது கஜா சொல்லிக்கொடுத்தது. கலந்து நடலாம் என்ற தைரியம் அந்தத் தோப்பு கொடுத்தது.

பக்கத்துத் தோட்டத்தில் புயலுக்கு அசையாமல் நின்ற ஒரே ஒரு பலா இருந்தது. 2019 சீஸனில் அந்த மரத்துப் பழத்தை விலை கொடுத்து வாங்கி, கொட்டையை எடுத்தார் அத்தை. பலாக்கொட்டை நெல் மாதிரி வருஷக்கணக்கில் வைத்திருக்கிற விதை இல்லை. பழத்திலிருந்து எடுத்த சூட்டோடு மண்ணுக்குள் போக வேண்டும். காய்ந்தால் போச்சு. பையில் முளைக்கவைத்துப் பிடுங்கி நடுவதையும் அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ''ஆணிவேரு ஒருதரம் மடங்குச்சுன்னா மரத்துக்கு ஆயுசுக்கும் நொண்டிதான்'' என்று குழியிலேயே நேராக ஊன்றினார். ஒட்டுப்பலா நாலைந்து வருஷத்தில் காய்க்குமே என்று அத்தான் வீடியோ காலில் சொன்னான். ''காய்க்கும். காத்துல நிக்குமா?'' என்றார். இந்தக் கேள்விக்கு வீடியோ காலில் பதில் சொல்ல முடியாது.

பலா நாற்பது குழி. மா, நாவல், வேலியோரம் புங்கையும் வேம்பும். விழுந்த தென்னைக்குப் பதிலாகத் தென்னையும் முப்பது. எல்லாம் தோட்டத்தின் மேற்கிலும் தெற்கிலும். ஆறு இலுப்பைக் கன்று வேறு! இலுப்பை காய்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதன் எண்ணெயில்தான் ஒரு காலத்தில் கோயில் விளக்கெல்லாம் எரிந்தது. இப்போது கேட்பாரில்லை. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்ற பழமொழியில் மட்டும் உயிரோடு இருக்கிற மரம். எதற்கு என்று கேட்டேன். ''வவ்வாலுக்கு'' என்றார். கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கிழக்கே வெறுமையாக விட்ட ஐம்பது சென்டில்தான் ரோஜா.

ஏழடிக்கு மூன்றடி இடைவெளி. சொட்டுநீர்க் குழாய். நம் பால்கனி ரோஜா இல்லை, பன்னீர் ரோஜா. கடையில் ரெண்டடிக் காம்போடு, செல்லோபேன் சட்டை போட்டு நிற்குமே காதலர் தின ரோஜா... அதை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? காகிதம். காம்பு நீளமாக இருக்க வேண்டும், ஒரு வாரம் வாடக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில் வாசனை வழியிலேயே இறங்கிவிட்டது. பன்னீர் ரோஜா நேர் எதிர். குட்டைக் காம்பு, மெல்லிய இதழ், சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும். ஆனால், மாலையில் ரெண்டு பூ இருந்தால் கல்யாண மண்டபத்துக்கே தெரியும். சமவெளி வெயிலைத் தாங்கும். நட்ட முதல் வருஷமே பூக்க ஆரம்பித்துவிடும். எட்டுப் பத்து வருஷம் ஓடும்.

இங்கேதான் பி.காம்-காரன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரோஜாவின் ஆயுள் பத்து வருஷம். பலா காசு கொடுக்க ஆரம்பிப்பது ஏழெட்டு வருஷத்தில். மரம் குட்டையாக இருக்கும்வரை ரோஜாவுக்கு முழு வெயில். மரம் வளர்ந்து மேற்கிலிருந்து நிழல் தர ஆரம்பிக்கும்போது, முதலில் அது மூன்று மணிக் கொடும் வெயிலை மட்டும் மறைக்கும். அது ரோஜாவுக்கு நல்லது. இன்னும் வளர்ந்து முழுசாக நிழல் விழும்போது, ரோஜா ரிட்டயர் ஆகிற வயசு வந்திருக்கும். குறுகிய காலக் கடனை வாங்கி நீண்ட காலச் சொத்தில் போட்டுவிட்டு முழிக்கிற கம்பெனிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எம்.பி.ஏ-க்கள் கோட்டைவிடுகிற இந்தக் கணக்கை அத்தை கோலம் போடுகிற மாதிரி தரையில் குச்சியால் போட்டுக் காட்டினார்.

ஊர் சும்மா இருக்குமா?

புருஷன் போய் எட்டு வருஷமான பொம்பளை, ஆயிரம் ரோஜாச் செடி வைக்கிறாள். 'தென்னை வைக்கட்டும், வாழை வைக்கட்டும். இவளுக்கு எதுக்குப் பூவு?' நேரில் யாரும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். அங்கே கேட்டால் நேரில் கேட்ட மாதிரிதான். ஒருநாள் கூலிக்கு வந்த ஒரு கிழவியே வாய்விட்டுக் கேட்டுவிட்டது. அத்தை களைக்கொத்தைக் கீழே போடாமல் சொன்னாராம்:

''தலையில வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. தரையில வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே!''

அதற்குப் பிறகு குழாயடியில் வேறு விஷயம் பேச ஆரம்பித்தார்கள். மாமா இறந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு அத்தை பூ வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை. சிலதைக் கேட்கிற உரிமை மருமகனுக்குக் கிடையாது.

2020 மார்ச்சில் ரோஜா முதல் தடவையாகக் கூடைக் கணக்கில் பூத்தது. அதே மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, சாவுக்கு மாலை போடக்கூட ஆள் இல்லை. பூ மார்க்கெட் மூடிக் கிடந்தது. செடிக்கு ஊரடங்கு தெரியுமா? அது பாட்டுக்குப் பூத்தது. பறிக்காமல் விட்டால் செடி கெட்டுப்போகும். பறித்தால் கொட்டத்தான் வேண்டும். தினமும் விடிகாலையில் அத்தையும் இன்னும் ரெண்டு பேரும் முள் குத்தக் குத்தப் பறித்து, ஆட்டுக்குப் போட்டார்கள். போனில் பேசும்போது, ''ஊர்லயே வாசனையான ஆடு எங்க ஆடுதான்'' என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. ஐந்து வருஷ வாய்தாவில் ஒரு வருஷம் முழுசாகப் போகப்போகிறது என்று அவருக்கும் தெரிந்திருந்தது, அத்தானுக்கும் தெரிந்திருந்தது.

அத்தான் அப்போது பணம் அனுப்பினான். அத்தை அதை பாங்கில் அப்படியே விட்டுவைத்தார். பன்னீர் ரோஜா இதழைக் கற்கண்டோடு இடித்து, தேன் விட்டு, பாட்டிலில் வெயிலில் வைத்துக் குல்கந்து பண்ணினார். புதுக்கோட்டையில் ஒரு நாட்டுமருந்துக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். பெரிய காசு ஒன்றுமில்லை. கூலிக்கு ஆச்சு. பூ பறிக்க வந்த ரெண்டு பேரையும் அத்தை ஒருநாளும் நிறுத்தவில்லை.

கோயில்கள் திறந்தன. தள்ளிப்போன கல்யாணங்களெல்லாம் மொத்தமாக நடந்தன. முகூர்த்த நாளில் ரோஜா விலை ஏறுவதும், மறுநாள் தலைகுப்புற விழுவதும் ஷேர் மார்க்கெட்டைவிட மோசம். ஆனால், தினமும் கொஞ்சம் காசு கைக்கு வந்தது. மாமா தினக்கூலி என்று கேலி பண்ணிய அதே காசு. வருஷா வருஷம் ஐப்பசி மழை முடிந்ததும் கவாத்து. அரையாளுக்கு மேல் வளர்ந்த செடியை முழங்காலுக்கு வெட்டுவதைப் பார்க்க எனக்குப் பகீரென்றிருக்கும். ''வெட்டுனாத்தான் பூக்கும். பாவம் பார்த்தா வெறும் இலைதான்'' என்பார் அத்தை. (எங்கள் ஆபீஸில் எடிட்டோரியல் டெஸ்க்கும் இதையேதான் சொல்கிறது.)

2024 பொங்கல். அத்தான்கள் ரெண்டு பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வாய்தா முடிந்துவிட்டது. அவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அத்தைதான் சாப்பாடு முடிந்ததும் பீரோவைத் திறந்து அஞ்சு நோட்டு எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். வருஷத்துக்கு ஒரு நோட்டு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. பூ, நின்ற அறுபத்திரண்டு தென்னையின் காய், குல்கந்து. எதிரே கூலி, எரு, மோட்டார் ரிப்பேர், ஒரு வருஷம் போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தியது. 2020-ல் பள்ளம். 2021-ல் கிட்டத்தட்டச் சமம். அடுத்த ரெண்டு வருஷமும் மிச்சம். அத்தான் அனுப்பிய பணம் வட்டியோடு தனியாக எழுதியிருந்தது. அவன் கணக்கைப் பார்க்கவில்லை. நோட்டை மூடி அம்மா மடியில் வைத்துவிட்டு, எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். நான் மட்டும் டோட்டல் போட்டுப் பார்த்தேன். ஒரு ரூபாய் தப்பில்லை.

எல்லாம் ஜெயம் என்று சொல்ல மாட்டேன். 2025-ல் தேங்காய் கிலோ அறுபது ரூபாயைத் தாண்டிப் பறந்தபோது, கஜாவுக்குப் பிறகு முழுக்கத் தென்னையே வைத்த பக்கத்துத் தோட்டக்காரர், குட்டை ரகம், நன்றாகக் காய்த்து அள்ளினார். அத்தையின் அறுபத்திரண்டு மரமும் கொடுத்தது, ஆனால் அவர் அளவுக்கு இல்லை. ''இப்பப் பார்த்தியாம்மா'' என்று சின்னவன் போனில் கேட்டான். ''பார்த்தேன். அவருக்கு நல்ல காலம். நல்லாருக்கட்டும்'' என்றார் அத்தை. அதில் பொறாமையும் இல்லை, வேதாந்தமும் இல்லை.

இப்போது அங்கே வேறு பஞ்சாயத்து. கிணற்றோரப் பலா ஒன்று ஆளுக்கு முந்தி வளர்ந்து, ரோஜாவில் ரெண்டு வரிசைக்கு முழு நிழல் போட்டுவிட்டது. போன சீஸனில் ஒரே ஒரு பிஞ்சு விட்டு உதிர்த்த மரம் அது. கிளையைக் கழித்தால் ரோஜா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும் என்றேன். அத்தை மரத்தை ஒருதரம் சுற்றி வந்தார். ரெண்டு வரிசையையும் எடுத்துவிடலாம் என்று முடிவு. அந்தப் பலாவின் மேல் மிளகு ஏற்றப்போகிறாராம். வடகாடு, சேந்தன்குடிப் பக்கமெல்லாம் சமவெளியிலேயே மிளகு வருகிறது, நிழலும் ஈரமும் இருந்தால் போதும்.

''மிளகு காய்க்க எத்தனை வருஷம் அத்தை?''

''மூணு நாலு ஆகும்.''

கொஞ்ச நேரம் கழித்து, ''நீ அடுத்தவாட்டி மெட்ராஸ்லேருந்து வரும்போது கவாத்துக் கத்திரி ஒண்ணு நல்லதா வாங்கிட்டு வா. இங்க விக்கிறது ஸ்பிரிங்கு நிக்க மாட்டேங்குது'' என்றார்.